கழனிக் காவலர் பாலத்தில் ஒரு க்

வெள்ளி, காலை

கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில், கும்பகோணத்தில் இறங்கியபோது என் இடுப்பு என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் இந்தப் பக்கம் வருகிறவள் குடை கொண்டு வரமாட்டாளா என்று கேட்பீர்கள். கொண்டு வந்தேன். பேருந்திலேயே விட்டுவிட்டேன்.

நிலையத்துக் கடையில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு மயிலாடுதுறை வண்டியில் ஏறினேன். திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம். இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஆடு, மாடு, கல்யாண வேன், நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் வழி விட்டுக்கொண்டு போனதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் கொங்கு நாட்டில் பச்சை என்றால் அங்கொரு துண்டு இங்கொரு துண்டு. இங்கே சன்னலுக்கு வெளியே வேறு நிறமே இல்லை. முதல் பத்து நிமிடம் ஆகா என்றேன், அப்புறம் தூங்கிவிட்டேன்.

நான் போனது என் சிநேகிதி ஜெபமணியைப் பார்க்க. திருச்சியில் ஒரே விடுதி அறையில் இரண்டு வருடம் இருந்தோம். நான் தபால் ஆபீஸில் குமாஸ்தா ஆனேன், அவள் சொந்த ஊரான நாவலடிமேட்டில் சர்ச் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் ஆனாள். "சரோ, வெள்ளிக்கிழமை கட்டாயம் வாடி, காரணம் கேக்காத" என்று போனில் சொன்னாள். சரி, கல்யாணம்தான் நிச்சயமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு சில்க் புடவை வேறு பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தேன். அங்கிருந்தே என் குழப்பம் ஆரம்பம்.

குத்தாலத்தில் டவுன் பஸ் மாறினேன். "நாவலடிமேடு ஒண்ணு" என்று ஒரு ரூபாயை நீட்டினேன்.

கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாவலடிமேட்டுல எங்கங்க? காவலர் குடையா, காவலர் பாலமா?"

"போலீஸ் ஸ்டேஷன் கிட்டயா?"

"போலீஸ் இல்லீங்க. காவலர். காவலர் குடை முதல்ல வரும், அடுத்தது காவலர் குழாய், அப்புறம் காவலர் கக்கூஸ், கடைசி காவலர் பாலம். எங்க இறங்கணும்?"

பின் சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ்காரர்களுக்கென்று தனிக் குடையும் தனிக் கக்கூஸும் கட்டிக் கொடுத்திருக்கும் ஊர் என்றால் எப்படிப்பட்ட ஊராக இருக்க வேண்டும்! நிலத் தகராறு அடிக்கடி வரும் பக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் நிரந்தரமாகவே போலீஸ் போட்டுவிட்டார்கள் போலும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"ஜெபமணி டீச்சர் வீடு" என்றேன்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கண்டக்டர் குரல் ஒரு படி இறங்கியது. "டீச்சருக்கு வேண்டியவங்களா? காவலர் பாலத்துல இறங்குங்க. காசு வேணாங்க, வச்சிக்குங்க."

டிக்கெட் வாங்காமல் போவது அரசாங்க ஊழியையான எனக்கு ஒத்துவராது. வற்புறுத்தி வாங்கினேன். டிக்கெட் கையில் இருந்ததே தவிர நிம்மதி போய்விட்டது. இப்படி இரக்கப்படுகிற அளவுக்கு அவளுக்கு என்ன ஆயிற்று?

வழியில் காவலர் குடையைப் பார்த்தேன். நான்கு தூண், கூரை இல்லை. அடியில் இரண்டு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். தூணுக்குத் தூண் கட்டிய பலகையில் அழகான சிவப்பு எழுத்து: "கழனிக் காவலர் நெடுவளவன் பேருந்து நிழற்குடை. உபயம்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் நெடுவளவன் அவர்கள்." அப்போதுதான் புரிந்தது, காவலர் என்பது பட்டம். வயலைக் காப்பவராம். அடுத்து அவர் பெயரில் ஒரு குடிநீர்க் குழாய், அதன் மேல் ஒரு காக்கை. அடுத்து அவர் பெயரில் ஒரு கழிப்பிடம், கதவில்லாமல். எங்கள் ஊர் எம்.எல்.ஏ. ஐந்து வருடத்தில் ஒரு கல் நட்டதில்லை. இந்த மனுஷன் கக்கூஸ் வரைக்கும் யோசித்திருக்கிறாரே, என்ன, வேலையைத்தான் இன்னும் முடிக்கவில்லை, மழைக்காலம், பாவம் என்று மனதார மெச்சிக்கொண்டேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

காவலர் பாலம் என்பது வாய்க்கால் மேல் போட்ட இரண்டு பனைமரத் துண்டுகள். அதற்கும் பலகை உண்டு, அதே சிவப்பு எழுத்தில். ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாப் பலகையிலும் "கழனி"க்கும் "காவலர்"க்கும் நடுவே அந்த "க்" மட்டும் சின்னதாக, இடுக்கில் செருகினது போல, வேறு கையால் எழுதியிருந்தது.

பாலத்தின் அந்தக் கோடியில் வாழைக்கொல்லை, முள்வேலி. ஜெபமணி வேலிக்கும் வாய்க்காலுக்கும் இடையில் இருந்த ஒரு சாண் வரப்பில் பக்கவாட்டில் நடந்து வந்தாள். நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நண்டு மாதிரி போனேன். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "உங்க எம்.எல்.ஏ. ரொம்ப நல்லவர் போலிருக்கே?"

ஜெபமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்படியில் அவள் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நிஜமாவா சொல்ற?"

"பின்ன? எத்தனை உபயம்!"

"அடிப்பாவி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் சொன்னாள். நெடுவளவன் போன தேர்தலில் இந்தக் காலனிக்கு வந்து குடையும் குழாயும் கக்கூஸும் பாலமும் கட்டித் தருவதாகக் கையடித்துச் சொல்லிவிட்டுப் போனவர். குடைக்குத் தூண் வந்தது, குழாய்க்குக் குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. பாலத்துக்கு எதுவுமே வரவில்லை, பனைத்துண்டு காலனிக்காரர்களே போட்டது. பாலம் வந்தால் இறங்க வேண்டிய இடம் ரெவின்யூ கணக்கில் புறம்போக்கு. அதில் வாழை போட்டு வேலி அடைத்திருப்பவர் காவலரின் மச்சினர். அதனால் பிள்ளைகள் மழையில் அந்தச் சாண் வரப்பில்தான் பள்ளிக்கூடம் போகின்றன. போன மாதம் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கினவர்கள் வாய்க்காலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நடந்திருக்கிறார்கள்.

மனு கொடுத்து அலுத்துப்போன காலனிக்காரர்கள் கோயில் டியூப் லைட்டிலிருந்து யோசனை பிடித்தார்கள். கோயிலில் ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் இன்னார் என்று எழுதுவதில்லையா? சர்ச் பெஞ்சிலும் அப்படித்தான். ஆகவே அவர் எதையெல்லாம் கொடுக்கவில்லையோ அதிலெல்லாம் அவர் பெயரை உபயமாக எழுதிவிடுவது. எழுதியவர் அதே காலனி அந்தோணி. காவலர் கட்சிக்குச் சுவர் விளம்பரம் எழுதுகிறவரும் அவர்தான். ஊர் முழுக்கச் சிரித்தது. பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"இதுல உனக்கென்னடி வந்தது?" என்றேன்.

"இன்னிக்கு என் மேல விசாரணை. வேலையே போயிடும் சரோ."

சில்க் புடவை வைத்த பெட்டியை மெதுவாகக் கால்மாட்டில் தள்ளினேன்.

"நீயா எழுதின?"

"க் மட்டும்."

"என்னது?"

"அந்தோணி அண்ணன் 'கழனி காவலர்'னு ஒற்றில்லாம எழுதிட்டாரு. கட்சி போஸ்டர்லயும் அப்படித்தான் போடுவாங்களாம். நான் தெனமும் புள்ளைங்கள கூட்டிக்கிட்டு அந்தப் பலகைய தாண்டித்தான் போகணும். ஏழாவது படிக்கிறவன் ஒருத்தன் கேட்டான், 'டீச்சர், இதுல வலி மிகாதா?'ன்னு. என்னால தாங்க முடியல. சாயங்காலமா போயி அண்ணன்கிட்ட பிரஷ்ஷ வாங்கி க் போட்டேன். நாலு பலகைலயும். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒற்று சரியா போடுறது யாருன்னு எல்லாருக்கும் தெரியுமில்ல? மாட்டிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சும்மா கிடந்த சங்கை ஏண்டி எடுத்து ஊதின!" என்று கத்தினேன். அவள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மச்சினர் வயலில் நாற்று நட்டுத்தான் மகளைப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஜெபமணி. அதில்தான் தங்கை வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

"இவ வேல போச்சின்னா திரும்ப அவங்க வரப்புலதாம்மா போயி நிக்கணும்" என்றார் என்னிடம். "அதுக்குத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

வெள்ளி, முற்பகல்

மயிலாடுதுறையிலிருந்து ஜீப்பில் வந்த கல்வி இலாகா விசாரணை அதிகாரி வெற்றிலை போட்ட, கண்ணாடி அணிந்த, அலுப்பான மனிதர். புகார் கொடுத்த கட்சி ஒன்றியச் செயலாளர் வெள்ளை வேட்டியைச் சேற்றிலிருந்து காப்பாற்ற ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். துணைக்கு வந்த நான் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்புகளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் எல்லாம் சன்னலில்தான் இருந்தார்கள்.

"நீங்க எழுதினீங்களா?" அதிகாரி கேட்டார்.

இல்லை என்று சொல்லடி, சொல்லித் தொலையடி என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

"க் மட்டும் நான் போட்டது சார்" என்றாள் என் அரிச்சந்திரி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்?"

"கழனியைக் காக்கும் காவலர். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வலி மிகணும் சார்."

"மிகணும்தான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் செயலாளர் பக்கத்தில் நிற்பது அவருக்கு நினைவு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். "சரிங்க. அவமதிப்புன்னு எழுதியிருக்கீங்க. பலகைல எந்த வார்த்தை அவமதிப்பு? சொல்லுங்க, குறிச்சிக்கிறேன்."

"வார்த்தைல இல்லைங்க. அது வந்து, கூரையில்லாத குடையில போயி தலைவர் பேர..." என்று ஆரம்பித்த செயலாளர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கூரை இல்லன்னு எழுதிக்கவா?"

"வேணாம், வேணாம்! அத எழுதாதீங்க."

"தண்ணி வராத குழாய்னு?"

"அதுவும் வேணாங்க."

"அப்ப எதத்தாங்க எழுத?"

மனிதர் வேட்டியை மாற்றுக் கையால் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் பார்வை என் மேல் விழுந்தது. "அம்மா, நீங்க வெளியூரா? வர்ற வழில பலகைய பார்த்தீங்களா? பார்த்ததும் என்ன தோணுச்சு? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

ஜெபமணி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிச் சமாளிக்கும் சாமர்த்தியம் எனக்கு எப்போதுமே கிடையாது, யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை.

"முதல்ல போலீஸ் ஸ்டாப்னு நினைச்சேன். அப்புறம் உங்க எம்.எல்.ஏ. ரொம்ப நல்லவர், எவ்வளவு செஞ்சிருக்காருன்னு நினைச்சேன். டீச்சர் வீட்டுல போய் அதைத்தான் சொன்னேன். அவங்க அம்மாவைக் கேளுங்க."

சன்னலில் இருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். செயலாளர் முகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அதிகாரி மட்டும் வந்ததிலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து வேகமாக எழுத ஆரம்பித்தார். எழுதியதை உரக்கப் படித்தார்: மேற்படி பலகைகள் உறுப்பினர்பால் பொதுமக்கள் கொண்ட மரியாதையின் பொருட்டே வைக்கப்பட்டவை, ஆசிரியை செய்தது ஒற்றுப்பிழைத் திருத்தம், அது குற்றமாகாது.

"சரிதானுங்களே?" என்று செயலாளரைக் கேட்டார்.

மரியாதை இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? "சரிதாங்க" என்றார்.

ஜெபமணி தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தேன். அவள் அழுதுகொண்டே என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று அப்போது புரியவில்லை.

வெள்ளி, பிற்பகல்

இடத்தைப் பார்க்காமல் போனால் ஃபைல் முடியாது என்று அதிகாரி பாலத்தடிக்கு வந்தார். காலனியே திரண்டு நின்றது. பனைத்துண்டையும் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் காலையிலிருந்து மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "இந்தப் பாலத்துல ஏறினா நேரே வேலில போய் முட்டுதே, இறங்கறது எங்க?"

வாயை மூடிக்கொண்டு இரு என்பது போல யாரோ இருமினார்கள். ஆனால் அதிகாரி பிடித்துக்கொண்டார். "ஆமா. மாண்புமிகு உறுப்பினர் பேர்ல பாலம், அத மறிச்சி வேலி போட்டது யாருங்க? இதுல்ல அவமதிப்பு! யாரோட வாழை இது?"

எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் வாய்க்காலைப் பார்த்தார்.

"எடுக்கச் சொல்லுங்க, நான் ரிப்போர்ட்ல போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப் பக்கம் நடந்தார். அந்தோணி பின்னாலேயே ஓடினார். "சார், அப்ப புதுப் பாலம்?"

"பாலந்தான் இருக்கேப்பா. நீங்களே பேரு வச்சிருக்கீங்க" என்றார் அவர்.

ஜீப் போன பிறகும் யாரும் கலையவில்லை. ஒருவர் கை தட்டினார், இன்னொருவர் ஏண்டா தட்டுகிறாய் என்று அதட்டினார். ஜெபமணி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என் வேலைய காப்பாத்திட்ட. அதுக்குக் கோயில் கட்டுவேன் உனக்கு. ஆனா ஊரே சேர்ந்து திட்டினத மரியாதைன்னு கவர்மெண்ட்ல எழுத வச்சிட்டியேடி! இனிமே இந்த ரெண்டு பனைமரத்துக்குப் பேரு பாலம். வேற பாலமே வராது."

"நான் என்ன கண்டேன்? நினைச்சதைத்தானே சொன்னேன்?"

"அதான் எனக்கும் வயித்தெரிச்சல். எங்களுக்குத் திட்டவே தெரியல போலிருக்கு."

சனி

காலையில் அரிவாள் சத்தம் கேட்டு எழுந்தேன். கட்சித் துண்டு போட்ட பத்துப் பதினைந்து பேர் வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பாலத்துக்கு எவனோ வழி மறித்திருக்கிறான் என்று செயலாளர் ஆள் அனுப்பியிருக்கிறார். மச்சினர் மோட்டார் சைக்கிளில் வந்து, "யார் கொல்லைன்னு தெரியுமாடா? நான் யாருன்னு தெரியுமாடா?" என்று குதித்தார். "தலைவர் பேருங்க, நாங்க என்ன செய்ய?" என்று அவர்கள் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்கள். ஒருவன் பலகைக்கு மாலை போட்டான். வெட்டின வாழைத்தார் ஒன்றை ஜெபமணியின் அம்மாவிடம் கொடுத்துவிட்டும் போனார்கள். தன் கை நட்ட கன்று என்று அவர் சொன்னார். தாரை வாங்கிக்கொண்டுபோய் வாசலில் சாய்த்து வைத்தார்.

மதியத்துக்குள் பாலத்துக்கு அந்தக் கரையில் பத்தடி அகலத்துக்கு வழி பிறந்துவிட்டது. இத்தனை வருட மனுவில் நடக்காதது. காலனியில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று பாதிப் பேர், ஏமாந்துவிட்டோம் என்று பாதிப் பேர். அந்தோணி மட்டும் இரண்டு பக்கமும் போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னை எந்தக் கட்சி என்று கேட்டார்கள். நான் காபி போடப் போய்விட்டேன்.

ஞாயிறு

ஆராதனை முடிந்து ஜெபமணியும் பிள்ளைகளும் என்னை வழியனுப்ப வந்தார்கள். பிள்ளைகள் பனைத்துண்டில் ஓடி, அந்தக் கரையில் நேராக இறங்கி, திரும்ப ஓடி வந்தார்கள். நானும் செருப்போடு நடந்தேன். துண்டு ஆடத்தான் செய்தது. மழைக்கு வழுக்கத்தான் செய்யும்.

"அடுத்த தடவை வரும்போது பாலம் இருக்குமா?" என்றேன்.

"தெரியாது. ஆனா குடைக்குக் கூரை போடப் போறாங்களாம். மரியாதைன்னு ஆயிடுச்சில்ல, நனைஞ்சா அசிங்கமாம்" என்று சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. அதே கண்டக்டர். "காவலர் பாலம் ஏறுறவங்க எல்லாம் ஏறுங்க" என்றார். இந்த முறை அவர் கேலியாகச் சொன்னாரா, மரியாதையாகச் சொன்னாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு குத்தாலம் வரைக்கும் வந்தேன். டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லையா என்று எரிந்து விழுந்தார்.

திங்கள், வீட்டில்

எங்கள் தெருக் கோடியில் ஒரு பூங்கா உண்டு. புல் கிடையாது. ஊஞ்சலுக்கு ஒரு பக்கம்தான் சங்கிலி. பக்கத்திலேயே சாக்கடை. வாசலில் மாநகராட்சி வைத்த பெரிய பலகை, ஒரு பெரிய மனிதரின் பட்டமும் பெயரும். பட்டம் "கருணை கடல்". வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் போய் வருகிறேன். யாரோ நல்லது செய்தவர் என்பதில் ஒரு தடவைகூடச் சந்தேகம் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் அதன் முன்னால் நின்றுவிட்டேன். இவரும் பனைத்துண்டுக் காவலர்தானா? இந்தத் தெருவில் எனக்கு முன்னால் யாராவது சிரித்தார்களா, இல்லை எல்லாருமே என்னைப் போல மெச்சிக்கொண்டே போனார்களா? பலகையை இரண்டு தடவை படித்தேன். கருணை கடல். கட்சி போஸ்டர் மாதிரியே ஒற்று இல்லை. ஆகவே இது நிஜமான மரியாதைதான், ஜெபமணி மாதிரி யாரும் இங்கே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டு கேட்டுக்கு அடித்த பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விடிவதற்குள் போய் இடுக்கில் ஒரு க் போட்டுவிட்டு வந்தேன். யாராவது விசாரணைக்கு வந்தால் சொல்லிக்கொள்கிறேன், க் மட்டும்தான் நான் போட்டது, மற்றதெல்லாம் மாநகராட்சி எழுதியது.